ரப்பர் பாலின் கொழுப்பை ஒப்பிடப் போகிறீர்களா? வடசென்னை மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, ராயபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் எம்எஸ்சி படித்துக்கொண்டு, ‘ரப்பர் மர இனங்களின் பாலில் உள்ள கொழுப்புகள் – ஓர் ஒப்பீடு’ என்ற மாதிரி ஒரு தலைப்பைக் கையில் வாங்கியிருக்கிறீர்களா? இது உங்களுக்குத்தான். ஆய்வுக் கட்டுரைகளில் ‘பால் சேகரிக்கப்பட்டது, கொழுப்பு பிரிக்கப்பட்டது’ என்று இரண்டு வரியில் முடிந்துவிடும். அந்த இரண்டு வரிக்குள் பல மாதங்களும், கைக்காசும், கொஞ்சம் தூக்கமும் போய்விடும். எல்லாரும் ஜிசி-எம்எஸ் (கலவையை ஆவியாக்கிப் பிரித்து, எந்தச் சேர்மம் என்று காட்டும் கருவி) எங்கே கிடைக்கும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். காசு கொடுத்தால் அது கிடைக்கும். மரத்துக்கும் கண்ணாடிக் குப்பிக்கும் நடுவில் உள்ள சில மணி நேரத்தில் கோட்டை விட்டால், எந்தக் கருவியாலும் அதைத் திருப்பித் தர முடியாது.

1. எந்த மரத்தை எதோடு ஒப்பிடுகிறோம் என்று முதலில் தீர்மானியுங்கள்

நம்மூரில் ‘ரப்பர் மரம்’ என்றால் ஹீவியா பிரேசிலியென்சிஸ். கன்னியாகுமரி மாவட்டத்துத் தோட்டங்களில் நிற்பது இதுதான். இதன் உடன்பிறப்பு இனங்களான ஹீவியா பெந்தாமியானா, ஸ்ப்ரூசியானா, பாசிஃப்ளோரா, கியானென்சிஸ் எல்லாம் அமேசான் காட்டு மரங்கள். இந்தியாவில் அவற்றை யாரும் பாலுக்காகத் தோட்டம் போடுவதில்லை. இனவிருத்திக்காக ஆராய்ச்சி நிலையங்களின் மரபணுச் சேகரிப்பில்தான் நிற்கும். நமக்கு முதல் வாசல் ரப்பர் வாரியத்தின் கீழ் கோட்டயத்தில் இயங்கும் இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஹீவியா இனங்கள் ஒன்றோடொன்று தாராளமாகக் கலக்கும். பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் குரோமோசோம் எண்ணிக்கை 36தான். பலகையில் ‘பெந்தாமியானா’ என்று எழுதியிருப்பதாலேயே அந்த மரம் சுத்தமான பெந்தாமியானா ஆகிவிடாது. நிலையத்தின் பதிவேட்டில் உள்ள சேர்க்கை எண்ணைக் கேட்டு வாங்கி, ஆய்வேட்டில் அந்த எண்ணைப் போடுங்கள்.

இதைவிடப் பெரிய பொறி, ஒரே இனத்துக்குள்ளேயே குளோனுக்குக் குளோன் (ஒரே தாய்மரத்திலிருந்து ஒட்டுக்கட்டிப் பெருக்கிய வகை) கொழுப்பு மாறுவது. பிபி 235 என்ற குளோனின் பாலில் உள்ள டிரைகிளிசரைடுகளில் (சாதாரண எண்ணெய் வகைக் கொழுப்பு) ஃபியூரான் என்ற ஆக்சிஜன் உள்ள வளையம் கொண்ட ஓர் அபூர்வக் கொழுப்பு அமிலம் ஏராளமாக இருக்கிறது. ஆர்ஆர்ஐஎம் 600-இல் அது சொற்பம். இரண்டும் பிரேசிலியென்சிஸ்தான். ஆகவே ஒரே ஒரு பிரேசிலியென்சிஸ் குளோனை எடுத்து, ஒரே ஒரு ஸ்ப்ரூசியானா மரத்தோடு வைத்து ‘இனங்களுக்கிடையே வேறுபாடு’ என்று எழுதினால், வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே உங்களை உட்கார வைத்துவிடும். பிரேசிலியென்சிஸில் குறைந்தது மூன்று குளோன் எடுங்கள். ஆர்ஆர்ஐஐ 105 கண்டிப்பாக இருக்கட்டும், தோட்டங்களில் எளிதாகக் கிடைக்கும். குளோன் ஒவ்வொன்றிலும் ஐந்து மரமாவது வேண்டும். ஐந்து மரத்துப் பாலையும் ஒரே வாளியில் கலந்துவிட்டால் புள்ளியியல் கணக்கில் அது ஒற்றைச் சாம்பிள்தான். கலக்காதீர்கள்.

வேற்று இன மரங்கள் கிடைக்கவில்லை என்றால் தலைப்பைக் கொஞ்சம் நகர்த்தலாம். ‘மூன்று பிரேசிலியென்சிஸ் குளோன்கள், ஒப்பீட்டுக்கு ஃபைகஸ் எலாஸ்டிகா’ என்று வைத்துக்கொள்ளலாம். நம்மூர் வீட்டு வாசல்களில் தொட்டியில் ‘ரப்பர் செடி’ என்று வளர்க்கிறார்களே, அதுதான் ஃபைகஸ் எலாஸ்டிகா. ஆல், அரசு குடும்பம். ஹீவியாவுக்கு உறவே கிடையாது. அதனால் ‘உறவினங்கள்’ என்ற சொல் தலைப்பில் வரக் கூடாது. ஆனால் கைப்பழக்கத்துக்கு இதைவிட நல்ல மரம் இல்லை. கன்னியாகுமரிக்குக் கிளம்பும் முன் தொட்டிச் செடியின் பாலில் முழுச் செய்முறையையும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். தண்டவாளத்தோரம் கிடைக்கிறதே என்று எருக்கம்பாலில் பழக வேண்டாம். கண்ணில் பட்டால் பெரும் தொல்லை.

2. நாள்காட்டியைப் பாருங்கள்

எம்எஸ்சி புராஜெக்ட் பெரும்பாலும் நான்காம் செமஸ்டரில், அதாவது டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. ரப்பர் மரம் இலை உதிர்ப்பது ஜனவரியிலிருந்து. புது இலை முற்றும்வரை பல தோட்டங்களில் பால்வெட்டை நிறுத்திவிடுவார்கள். உங்களுக்குப் பால் வேண்டிய மாதங்களில் மரம் ஓய்வில் இருக்கும்! தலைப்பு கொடுக்கும்போது இதை யாரும் சொல்வதில்லை.

அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. மழை பெய்தால் வெட்டு கிடையாது. வெட்டினாலும் பட்டை வழியே வழியும் மழைநீர் பாலில் கலந்துவிடும். ஆகஸ்ட், செப்டம்பர்தான் தோது. அதற்கு மே, ஜூனிலேயே கடிதம் போயிருக்க வேண்டும். அதாவது மூன்றாம் செமஸ்டர் தொடங்கும் முன்பே கைடைப் பிடித்துத் தலைப்பை முடிவு செய்துவிடுங்கள்.

எல்லா மரத்திலும் ஒரே வாரத்துக்குள் பால் எடுங்கள். ஒரு குளோனை ஆகஸ்டிலும் இன்னொன்றை டிசம்பரிலும் எடுத்தால், நீங்கள் ஒப்பிடுவது பருவத்தையா மரத்தையா என்று உங்களுக்கே தெரியாது.

3. தாள்கள்

முதலில் துறைத்தலைவரிடம் ஒரு போனஃபைட் கடிதம், கைடின் கையெழுத்தோடு ஒரு பக்கச் சுருக்கம். சுருக்கத்தில் எத்தனை மரம், மரத்துக்கு எத்தனை மில்லி பால், எந்த வாரம் என்று எண்களாக எழுதுங்கள். ‘ஆராய்ச்சிக்கு ரப்பர் பால் தேவைப்படுகிறது’ என்று பொத்தாம்பொதுவாக எழுதிய கடிதம் எங்கேயும் நகராது. ‘மரத்துக்கு 20 மில்லி, 15 மரம், பட்டையில் புது வெட்டு எதுவும் போட மாட்டோம்’ என்று எழுதினால் படிக்கிறவருக்கு முடிவெடுப்பது சுலபம்.

தோட்டத்துக்கு இரண்டு வழி. ஒன்று, நாகர்கோவிலில் தலைமையகம் கொண்ட தமிழக அரசின் அரசு ரப்பர் கழகம். கீரிப்பாறை, சிற்றாறு, கோதையாறு பக்கம் அதன் தோட்டங்கள் காட்டை ஒட்டியே இருக்கின்றன. வழியில் சோதனைச்சாவடி உண்டு, அனுமதிக் கடிதத்தின் நகலைக் கையில் வைத்திருங்கள். இன்னொன்று, குலசேகரம், திற்பரப்பு சுற்றுவட்டாரத்துத் தனியார் தோட்டக்காரர்கள். இவர்களிடம் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அவர் சொல்லும் குளோன் பெயர் வாய்வழிச் செய்திதான். கன்று வாங்கிய நாற்றங்காலின் ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த மரத்தை ஒப்பீட்டில் சேர்க்காமல் விடுவதே நல்லது.

கோட்டயம் நிலையத்தின் மரபணுச் சேகரிப்புக்கு மாணவர் தனியாக எழுதுவதைவிட, உங்கள் கைடு அங்குள்ள விஞ்ஞானி ஒருவரோடு கூட்டாகச் செய்வதாக எழுதினால் வாய்ப்பு அதிகம். பொருள் பரிமாற்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்கலாம். அதில் போடும் அதிகாரம் முதல்வருக்கோ பதிவாளருக்கோதான் இருக்கும், துறைத்தலைவருக்கு இருக்காது. அந்தக் கோப்பு உங்கள் கல்லூரிக்குள்ளேயே மேசை மேசையாக நகர்வதற்கும் நாள் ஒதுக்குங்கள்.

அடுத்து, 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம். இந்தியக் கல்லூரியில் படிக்கும் இந்திய மாணவர் இந்திய ஆய்வகத்திலேயே கல்விக்காகச் செய்வதற்குப் பெரிய சிக்கல் கிடையாது. ஆனால் ‘வெளிநாட்டில் இருக்கும் நம்ம சீனியர் இலவசமாக லிப்பிடோமிக்ஸ் (எல்லாக் கொழுப்பையும் ஒரேயடியாக அளக்கும் ஆய்வு) ஓட்டித் தருகிறேன் என்கிறார்’ என்று குப்பியைப் பார்சல் கட்டாதீர்கள். பொருளோ ஆய்வு முடிவோ வெளிநாட்டவர் கைக்குப் போவது இந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வரும். தேசிய உயிரியல் பன்முகத்தன்மை ஆணையத்தின் தலைமையகம் நம்ம தரமணியிலேயே இருக்கிறது. சந்தேகமென்றால் முதலில் அங்கே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

4. கரைப்பான்கள்: பாரிமுனைக்குப் போகும் முன்

பாரிமுனையில் இறங்கி நயினியப்ப நாயக்கன் தெரு பக்கம் நடந்தால் ரசாயனக் கடைகள் வரிசையாக இருக்கும். குளோரோஃபார்ம், அசிட்டோன், சிலிக்கா ஜெல், நீரற்ற சோடியம் சல்பேட் எல்லாம் வாங்கிவிடலாம். மாட்டிக்கொள்வது, கொழுப்பைப் பிரிக்கக் குளோரோஃபார்மோடு கலக்க வேண்டிய மெத்தனாலில்.

தமிழ்நாட்டில் மெத்தனால் வாங்க, வைத்திருக்க, விற்க உரிமம் சம்பந்தப்பட்ட விதிகள் உண்டு. 2023 மரக்காணம், 2024 கள்ளக்குறிச்சி கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு யாரும் சும்மா எடுத்துக் கொடுப்பதில்லை, கொடுக்கவும் கூடாது. தனி ஆளாகப் போய்க் கேட்காதீர்கள். உங்கள் துறையின் ஸ்டோர்ஸ் பொறுப்பாளரிடம் கல்லூரி எப்படி வாங்குகிறது, யார் பெயரில் உரிமம், வருடத்துக்கு எவ்வளவு என்று விசாரியுங்கள். இருப்பேட்டில் உங்கள் பெயரில் எழுதி வாங்கி, செலவான மில்லியைத் தேதியோடு குறித்து வையுங்கள். ஸ்டெரால் என்ற கொழுப்பு வகையை ஜிசிக்கு ஏற்றபடி மாற்ற (அசிட்டைலாக்க) அசிட்டிக் அன்ஹைட்ரைடு என்று பழைய செய்முறைகளில் இருக்கும். அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ள பொருள், அந்தப் பக்கமே போக வேண்டாம். அதற்குப் பதில் சிலைலேற்றம் (சிலிக்கான் தொகுதியைச் சேர்க்கும் முறை) செய்துகொள்ளலாம்.

‘மெத்தனால் தொல்லை, குளோரோஃபார்ம் நச்சு, ஹெக்சேன்–ஐசோபுரோப்பனால் போடலாமே’ என்று யாராவது யோசனை சொல்வார்கள். மற்ற திசுக்களுக்கு அது நல்ல முறை. நமக்கு ஆகாது. ஹெக்சேனில் ரப்பர் ஊதிப் பசையாகி வடிகட்டியை அடைத்துவிடும்.

டைஎதில் ஈதர் வாங்கும்போது ஒரு எண்ணை நினைவில் வையுங்கள். அதன் கொதிநிலை 34.6 டிகிரி. மே மாதத்தில் நம்ம லேபுக்குள் வெயில் அதைத் தாண்டும். மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று வரும், டிஎல்சி (சிலிக்கா பூசிய தட்டில் கொழுப்புகளைப் புள்ளிகளாகப் பிரிக்கும் முறை) தொட்டிக்குள் கரைப்பான் விகிதம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும், பக்கத்தில் பன்சன் பர்னர் எரிந்தால் கேட்கவே வேண்டாம். ஏசி இல்லாத லேபில் ஈதர் வேலையைக் காலை எட்டு மணிக்குள் முடியுங்கள்.

கடையில் விற்கும் ரப்பர் பாலைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பலூன், கையுறை செய்கிறவர்களுக்காக 60 சதவீதம் உலர் ரப்பர் கொண்ட பால் கேனில் கிடைக்கும். ‘இவ்வளவு பக்கத்தில் கிடைக்கும்போது நாகர்கோவில் எதற்கு?’ என்று தோன்றும். (திருவொற்றியூரில் 1946-இல் பலூன் செய்த கொட்டகையிலிருந்துதான் எம்ஆர்எஃப் முளைத்தது, ஆகவே இந்தப் பக்கத்துக்கு அந்தப் பால் புதிதில்லை.) அதைத் தொடாதீர்கள். மையவிலக்கில் சுற்றும்போதே கொழுப்பின் ஒரு பகுதி கழிவுப்பாலோடும் அடிவண்டலோடும் போய்விடுகிறது. மிச்சத்தில் கெடாமலிருக்க அம்மோனியா சேர்க்கிறார்கள். அதிக அம்மோனியா வகையில் அது சுமார் 0.7 சதவீதம். நாளாக ஆகப் பாஸ்போலிப்பிடுகள் (பாஸ்பேட் இணைந்த கொழுப்புகள்) அதில் உடைந்து கொழுப்பு அமில சோப்புகளாகிவிடும். தொழிற்சாலைக்கு அது நல்லது, பால் நிலைத்து நிற்கும். நீங்கள் அளக்க வந்த பொருளோ அங்கே இருக்காது. அதோடு, அந்தக் கேன் பல தோட்டத்துக் கலவை.

5. பெட்டியும் ரயிலும்

காசிமேட்டில் மீன் ஏற்றும் தெர்மோகோல் பெட்டி வாங்குங்கள். லேப் சாமான் கடையில் விற்கும் ஐஸ் பெட்டியோடு ஒப்பிட்டால் விலை கால்வாசிகூட இருக்காது, சுவரும் தடிமன். புதுப் பெட்டியாகக் கேளுங்கள். மீன் எண்ணெய் ஊறிய பழைய பெட்டி கொழுப்பு ஆய்வுக்கு ஆகாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. காலிப் பெட்டியோடு போய், ஐஸை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். குளச்சல் பக்கம் மீன்தொழில் இருப்பதால் ஐஸுக்குப் பஞ்சமில்லை.

குளோரோஃபார்ம்–மெத்தனால் கலவையை ரயிலில் கொண்டுபோகலாமா என்று பலர் கேட்கிறார்கள். கூடாது. 1989 ரயில்வே சட்டத்தின் 164-ஆவது பிரிவில் அபாயப் பொருளை ரயிலில் ஏற்றினால் மூன்று ஆண்டு வரை சிறை இருக்கிறது. அதற்கு முன்னால், பெட்டிக்குள் மெத்தனால் ஆவி பரவினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

அதனால் வழி ஒன்றுதான். நாகர்கோவில் அல்லது மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு கல்லூரியின் வேதியியல் துறையில் இரண்டு, மூன்று நாளுக்கு ஒரு மேசையும் புகைபோக்கி அலமாரியும் கேட்டு வாங்குங்கள். கரைப்பானை அவர்கள் ஸ்டோர்ஸிலிருந்தே எடுத்து, அந்தத் தொகையை உங்கள் துறை செலுத்துவதாகக் கடிதம் போடலாம். பிரித்து உலர்த்திய கொழுப்பு குப்பிக்கு நூறு மில்லிகிராமுக்குள்தான். அதை ஐஸில் வைத்து ரயிலில் கொண்டுவர எந்தத் தடையும் இல்லை. பாலாகச் சென்னைக்குக் கொண்டுவரும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

6. தோட்டத்தில்

மாலையில் கிளம்பும் கன்னியாகுமரி ரயில் விடியும் நேரத்தில்தான் நாகர்கோவிலில் இறக்கிவிடும். அந்த நேரத்தில் தோட்டத்தில் வெட்டு தொடங்கியிருக்கும். ஒருநாள் முன்னதாகப் போய்விடுங்கள். வெட்டுகிறவரை முந்தின நாள் சாயங்காலமே பார்த்துப் பேசி, மரங்களில் எண் கட்டிவிடுங்கள். ஒரு மரத்தடியில் நீங்கள் நிற்கும் நேரம் அவருக்கு இரண்டு மூன்று மரம் பின்தங்கும் நேரம். அதற்கான காசை முதலிலேயே பேசிவிடுவதுதான் மரியாதை.

அவரிடம் நான்கு கேள்வி கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: கடைசியாக வெட்டியது என்றைக்கு? பட்டையில் பால் கூட்டும் மருந்து தடவியிருக்கிறதா? சிரட்டையில் அமோனியா சொட்டு விடும் வழக்கம் உண்டா? மரத்துக்கு வயது என்ன? மருந்து தடவிய மரத்தை விலக்குங்கள். மூன்றாவது கேள்விக்கு, “மழைக்காலத்துல மட்டும் விடுவோம் தம்பி, இல்லேன்னா சிரட்டையிலயே திரிஞ்சிரும்” என்று பதில் வரும். அப்படியானால் பழைய சிரட்டை, பழைய பிளாஸ்டிக் கிண்ணம் எதையும் தொட வேண்டாம்.

வெட்டு விழுந்ததும் முதலில் வருவதை விடுங்கள். பழைய ஒட்டுப்பால் இழை, பட்டைத் தூள், தூசி எல்லாம் அதில்தான் இருக்கும். சில நிமிடம் ஓடிய பிறகு, பால் வழிய மரத்தில் செருகிய தகர நாக்கின் நுனியிலிருந்து நேராகக் கண்ணாடிக் குழாயில் பிடியுங்கள். குழாய் முன்பே ஐஸில் புதைந்திருக்க வேண்டும். ஐஸ் தண்ணீர் குழாய்க்குள் போகாதபடி வாய் மேலே நிற்கட்டும். வெட்டிய கோட்டில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக அரும்பி, ஒன்றுசேர்ந்து, சரிந்து நாக்கில் இறங்கும். அது மெதுவாகத் தெரிவதால் அடுத்த மரத்துக்குப் போய்விட்டு வரலாம் என்று நினைக்காதீர்கள். குழாய் நிறைந்த நேரத்தைக் கைக்கடிகாரம் பார்த்து ஒட்டுத்தாளில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஐஸில் கரைந்துவிடும்.

லேடெக்ஸ் கையுறை போடாதீர்கள். அதுவும் ரப்பர் பால்தான், அதன் கொழுப்பும் உங்கள் மாதிரியில் வந்து சேரும். நைட்ரைல் போடுங்கள். அதுவும் தோட்டத்தில் இருக்கும்வரைதான் பாதுகாப்பு. குளோரோஃபார்ம் அதைச் சட்டென்று ஊடுருவிவிடும், லேபில் துளி பட்டவுடன் கழற்றி மாற்ற வேண்டும்.

உறைய வைத்து எடுத்துப் போகலாமே என்பதும் பலருக்கு வரும் யோசனை. பாலில் லூட்டாய்டு என்ற நுண்பைகள் இருக்கின்றன. உறைந்து உருகும்போது அவை வெடித்து, உள்ளே இருக்கும் நொதிகளும் அமிலமும் வெளியே வந்து ரப்பர் திரண்டுவிடும். கொழுப்பை உடைக்கும் நொதிகளுக்கு அப்புறம் கொண்டாட்டம்தான். மொத்தக் கொழுப்பு மட்டும் போதுமென்றால்கூட, குளிரில் வைத்து அன்றைக்கே பிரித்துவிடுங்கள். ரப்பர் துகள், லூட்டாய்டு, மஞ்சள் நிற ஃப்ரே-விஸ்லிங் துகள் என்று தனித்தனியாக வேண்டுமென்றால் குளிர்சாதன அதிவேக மையவிலக்கி பக்கத்தில் இருக்க வேண்டும். முதல் புராஜெக்டுக்கு இந்த ஆசை வேண்டாம் என்பதே என் கருத்து.

7. கொழுப்பைப் பிரித்தல்

ஒவ்வொரு குழாயிலிருந்தும் இரண்டு கிராம் பாலைத் தட்டில் எடை போட்டு, 105 டிகிரி அடுப்பில் இரண்டு மணி நேரம் உலர்த்துங்கள். மொத்தத் திடப்பொருள் கிடைக்கும். இதை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினால் முடிவுகளை எதனாலும் வகுக்க முடியாது.

மீதியில் ஐந்து கிராமை எடை பார்த்து, 100 மில்லி குளோரோஃபார்ம்–மெத்தனால் கலவையில் (2:1) சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கலக்கி ஓடிக்கொண்டே இருக்கட்டும். கலவையைப் பாலில் ஊற்றக் கூடாது, பாலைத்தான் கலவையில் விட வேண்டும். சேர்த்துக் கொட்டினால் ரப்பர் ஒரே கட்டியாகத் திரண்டு, நடுவில் கொழுப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சொட்டாக விட்டால் சவ்வரிசி மாதிரி சின்னச் சின்ன மணிகளாக விழும், கரைப்பான் உள்ளே போய்வர வழியிருக்கும்.

விடும் முன்பே கலவையில் இரண்டு பொருள் இருக்க வேண்டும். ஒன்று, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்க 0.01 சதவீதம் பியூட்டைலேட்டட் ஹைட்ராக்சிடொலுவீன் (BHT). இன்னொன்று, இழப்பைக் கணக்கிட அளந்து போட்ட உள் தரப்பொருள். 17 கார்பன் கொழுப்பு அமிலத்தின் டிரைகிளிசரைடு நல்லது. இதைக் கடைசியில் ஜிசிக்கு அனுப்பும்போது போட்டால், வழியில் எவ்வளவு இழந்தீர்கள் என்று தெரியவே தெரியாது.

வடிகட்டிய கரைசலில் ஐந்தில் ஒரு பங்கு 0.9 சதவீத உப்புக் கரைசல் சேர்த்துக் குலுக்கி நிற்க விடுங்கள். அடி அடுக்குதான் உங்களுடையது. நீரற்ற சோடியம் சல்பேட்டில் ஈரம் போக்கி, 40 டிகிரிக்குக் கீழே ரோட்டரியில் (வெற்றிடத்தில் சுழற்றி ஆவியாக்கும் கருவி) வற்ற வைத்து, நைட்ரஜன் ஊதி எடை பாருங்கள். புதுப்பாலில் கொழுப்பு நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற கணக்கில்தான் இருக்கும். ஐந்து கிராமில் 50 முதல் 100 மில்லிகிராம் வரை எதிர்பார்க்கலாம். அதற்கு மேலே எகிறினால் மகிழ வேண்டாம். குளோரோஃபார்மில் ரப்பரும் கரையும், மெத்தனால்தான் அதைத் தடுத்து நிறுத்துகிறது. விகிதம் தவறினால் ரப்பர் கொழுப்போடு சேர்ந்து வந்துவிடும். விரலால் இழுத்தால் நூலாக நீளுகிறதா என்று பாருங்கள். நீண்டால் அந்த மாதிரியை மறுபடி செய்ய வேண்டியதுதான். அதனால்தான் மரத்துக்கு 20 மில்லி கேட்கச் சொன்னேன்.

சில பழைய செய்முறைகளில் உலர்ந்த ரப்பர் ஷீட்டை அசிட்டோனில் கொதிக்க வைப்பார்கள். அதில் நடுநிலைக் கொழுப்புகள் வரும். பாஸ்போலிப்பிடுகள் அசிட்டோனில் கரையாது என்பதால் பின்தங்கிவிடும். அந்த எண்ணை உங்கள் எண்ணோடு நேராக ஒப்பிட முடியாது.

உலர்ந்த கொழுப்பைக் கண்ணாடிக் குப்பியில், டெஃப்லான் உள்மூடி போட்டு, மைனஸ் 20-இல் வையுங்கள். பிளாஸ்டிக் குழாய் வேண்டாம். குளோரோஃபார்ம் அதிலிருந்து தாலேட்டுகளை (பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் பொருட்கள்) இழுத்துக்கொண்டு வரும், ஜிசியில் அழகான பெரிய சிகரமாக எழும்பும், ‘புதிய சேர்மம்’ என்று குதிக்கத் தோன்றும். இதைப் பிடிக்க ஒரே வழி, பால் இல்லாமல் வெறும் கரைப்பானை மட்டும் அதே படிகளில் ஓட்டிய ஒரு வெற்று மாதிரி.

மைனஸ் 20 பெட்டிக்கு மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு என்று முன்பே கேளுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் சமயத்தில் நம்ம பக்கம் எத்தனை நாள் கரண்டும் இல்லாமல் வெள்ளத்தில் கிடந்தோம் என்பது உங்களுக்கே தெரியும். மாதிரிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வேறொரு கட்டடத்தில் வையுங்கள், தரைத்தளம் வேண்டாம்.

8. வகை பிரித்தல்

சிலிக்கா ஜெல் நிரப்பிய குழாயில் கொழுப்பை ஏற்றி, முதலில் குளோரோஃபார்ம் விடுங்கள் (நடுநிலைக் கொழுப்பு இறங்கும்), அடுத்து அசிட்டோன் (சர்க்கரை இணைந்த கிளைக்கோலிப்பிடு), கடைசியாக மெத்தனால் (பாஸ்போலிப்பிடு). சரியாகப் பிரிந்ததா என்று டிஎல்சியில் பாருங்கள். நடுநிலைக்கு ஹெக்சேன்–ஈதர்–அசிட்டிக் அமிலம் 80:20:1. மற்றவற்றுக்கு குளோரோஃபார்ம்–மெத்தனால்–தண்ணீர் 65:25:4. அயோடின் ஆவியில் எல்லாமே மஞ்சளாகத் தெரியும்.

பாஸ்பாட்டிடிக் அமிலத்தின் புள்ளியைக் கவனியுங்கள். வெட்டுக்கும் கரைப்பானுக்கும் நடுவில் தாமதமானால், பாஸ்போலைப்பேஸ் டி என்ற நொதி மற்ற பாஸ்போலிப்பிடுகளை உடைத்து இதை ஏற்றிவிடும். ஒரு இனத்தில் மட்டும் இது அதிகமாக இருந்தால், அந்த மரங்களின் ஒட்டுத்தாளில் எழுதிய நேரத்தை முதலில் பாருங்கள்.

9. வெளி ஆய்வகமும் பில்லும்

ஐஐடியில் உள்ள சைஃப் (SAIF, உயர்நிலைக் கருவிகள் கொண்ட ஆய்வு மையம்) போன்ற பொது மையங்களில் மாணவர் கட்டணம் தனியாரைவிடக் குறைவு, வரிசை நீளம். தனியாரில் வரிசை குறைவு. எங்கே போனாலும் விலைப்பட்டியலில் இருப்பதோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். உதாரணத்துக்கு, 20 மரம், மரத்துக்கு இரண்டு வகை, அதோடு வெற்று மாதிரியும் தரப்பொருளுமாகப் பத்து என்றால் 50 ஊசி (ஒரு மாதிரியைக் கருவிக்குள் ஒரு முறை செலுத்துவது ஓர் ஊசி). ஒன்றுக்கு 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 75,000; வரி 13,500; ஆக 88,500. உதவித்தொகை இல்லாத எம்எஸ்சி மாணவருக்கு இது பெரிய தொகை. டிஎல்சியில் முதலில் வடிகட்டி, உண்மையிலேயே வேறுபாடு தெரிகிற வகையை மட்டும் ஜிசிக்கு அனுப்புங்கள்.

கொழுப்பு அமிலங்களை ஜிசியில் ஆவியாகும்படி மெத்தில் எஸ்டர் ஆக்குவதை நீங்களே செய்துவிட்டு அனுப்புங்கள். அவர்கள் வழக்கமாகப் போரான் டிரைஃபுளோரைடு போன்ற அமில முறையில் செய்வார்கள், ஃபியூரான் கொழுப்பு அமிலம் அமிலத்தில் சிதைந்துவிடும். டிரைகிளிசரைடுகளுக்கு சோடியம் மெத்தாக்சைடு போடுங்கள். அது தனிக் கொழுப்பு அமிலங்களை எஸ்டராக்காது, அவற்றுக்கு மட்டும் வேறு வழி. ஃபியூரான் எஸ்டர் கருவியின் நூலகத்தில் இல்லாமல் போகலாம். நிறை 322, முதன்மைத் துண்டு 165 என்று தேடினால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

பணம் கட்டும் முன் மூல குரோமட்டோகிராம் கோப்புகளும் தருவோம் என்று எழுதி வாங்குங்கள். எனக்கு வேலை செய்த ஒரு தனியார் ஆய்வகம் ‘பால்மிட்டிக் இத்தனை சதவீதம், லினோலெயிக் இத்தனை’ என்று ஒரு பக்க அட்டவணையை மட்டும் தந்தது. பெயர் தெரியாத சிகரங்களையெல்லாம் கழித்துவிட்டு மிச்சத்தை நூறாக்கியிருந்தார்கள். நான் தேடியது அந்தக் கழித்த பகுதியில்தான் இருந்தது. கோப்பைக் கேட்டு வாங்குவதற்குள் வைவா தேதியே வந்துவிட்டது.

10. அட்டவணையும் கழிவும்

கொழுப்பை 100 கிராம் பாலுக்கு எவ்வளவு, 100 கிராம் உலர்பொருளுக்கு எவ்வளவு என்று இரண்டு பத்தியாகப் போடுங்கள். காட்டு இனங்களின் பாலில் ரப்பர் குறைவாகவும் பிசின் அதிகமாகவும் இருப்பது வழக்கம். ஒரே பத்தி போட்டால், ரப்பர் குறைந்ததாலேயே கொழுப்பு கூடியதாகக் காட்டும். ஒவ்வொரு வரிக்கும் மரத்தின் எண், குளோன் அல்லது சேர்க்கை எண், தேதி, வெட்டிலிருந்து கரைப்பானுக்கு எத்தனை நிமிடம் என்பதும் இருக்கட்டும்.

குளோரோஃபார்ம் கலந்த கழிவைத் தனிக் கண்ணாடி ஜாடியில் சேர்த்து, ‘ஹாலஜன் கழிவு’ என்று எழுதி ஸ்டோர்ஸில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். அசிட்டோன் கழிவை அதோடு கலக்காதீர்கள். காரம் பட்டுவிட்டால் குளோரோஃபார்மும் அசிட்டோனும் சேர்ந்து சூடேறிப் பொங்கும். கும்மிடிப்பூண்டியில் அபாயக் கழிவை வாங்கும் மையம் இருக்கிறது, உங்கள் கல்லூரிக்கு அதில் பதிவு உண்டா என்று கேட்டுவிடுங்கள். நோ டியூஸ் சான்றிதழில் ஸ்டோர்ஸ் கையெழுத்துக்குப் போகும் நாளில் இந்த ரசீதும் மெத்தனால் கணக்கும் கையில் இருந்தால் ஐந்து நிமிட வேலை.